ரவுட்டர் மேல் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தால் போதுமா? கஞ்சிக்கோடு தொழிற்சாலை சொல்லும் பாடம்

2024 மார்ச்சில் பெங்களூருவில் ஒரு ரவுட்டர் அறிமுகமானது. வேகம் நொடிக்கு 2.4 டெராபிட். ‘இந்தியாவிலேயே உருவான அதிவேக ரவுட்டர்’ என்று அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம், ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் ரவுட்டர் தயாரிப்பைத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 27 அன்று பிஎஸ்என்எல்-லின் ‘சுதேசி’ 4ஜி, 97,500-க்கும் மேற்பட்ட டவர்களோடு தொடங்கி வைக்கப்பட்டது.

மூன்று செய்திகளிலும் ஒரே வார்த்தைதான் தலைப்பு: ‘மேட் இன் இந்தியா’. ஆனால் மூன்றும் ஒரே விஷயம் இல்லை. ஒன்றில் வேலை இங்கே நடக்கிறது, டிசைன் வெளியே இருக்கிறது. இன்னொன்றில் டிசைன் இங்கே, ஆனால் உள்ளே இருக்கிற முக்கியமான சிப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. இந்த வித்தியாசம் ஏன் பெரிசு என்று புரிய வேண்டுமென்றால், கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டைப் பார்க்க வேண்டும். 1976-லிருந்து அங்கே ஒரு தொலைத்தொடர்புத் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியா இன்று கேட்கிற கேள்வியை அந்தத் தொழிற்சாலை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துவிட்டது.

முதலில், ‘கோர் ரவுட்டர்’ என்றால் என்ன?

வீட்டு ஹாலில் ஆன்டெனாவோடு நிற்கிற வைஃபை பெட்டியும் ரவுட்டர்தான். ஆனால் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் போன்ற பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க் நடுவில் இருக்கிற ரவுட்டர் வேறு ரகம். அதன் வேலையை இப்படி யோசிக்கலாம்.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, அதாவது 2017 ஜூலைக்கு முன்பு, வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு லாரியின் பேப்பரையும் பார்த்து, எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டுதான் அனுப்புவார்கள். கோர் ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான். நீங்கள் பார்க்கிற வீடியோ, அனுப்புகிற யுபிஐ பணம், பேசுகிற ஜூம் கால் எல்லாமே ‘பாக்கெட்’ என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகின்றன. ஒவ்வொரு துண்டின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். ரவுட்டர் அந்த முகவரியைப் படித்து, அடுத்து எந்தப் பாதையில் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது.

ஒரே வித்தியாசம், இங்கே யாரும் வரிசையில் நிற்க முடியாது. நொடிக்கு 400 ஜிகாபிட் வேகமுள்ள ஒரே ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால், நொடிக்கு 59 கோடிக்கும் மேல் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற நேரம் இரண்டு நானோ நொடி கூட இல்லை. ஒரு பெரிய ரவுட்டரில் இப்படிப் பல நூறு போர்ட்டுகள் இருக்கும்.

முகவரியைத் தேட வேண்டிய பட்டியலும் சின்னது இல்லை. உலக இன்டர்நெட்டின் பாதைகளைச் சொல்லும் ‘பிஜிபி’ அட்டவணையில், பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே சுமார் 10 லட்சம் பாதைகள் இருக்கின்றன. அது நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டும் இருக்கும். சாதாரண கம்ப்யூட்டர் பிராசஸரால் இந்த வேகத்தில் தேட முடியாது. அதனால்தான் இந்த ஒரே வேலைக்கென்று தனியாக டிசைன் செய்த சிப் தேவைப்படுகிறது. கோர் ரவுட்டரின் விலையும் மதிப்பும் பெரும்பாலும் அந்த சிப்பிலும், அதை இயக்குகிற சாஃப்ட்வேரிலும்தான் இருக்கின்றன.

அது நின்றால் என்ன ஆகும்?

வீட்டு ரவுட்டர் மக்கர் செய்தால் ஆஃப் செய்து ஆன் செய்வோம். கோர் ரவுட்டர் மக்கர் செய்தால் ஒரு நாடே நின்றுபோகும். மிகைப்படுத்தல் இல்லை, சமீபத்தில் நடந்தவைதான்.

2022 ஜூலை 8. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் தன் கோர் நெட்வொர்க்கில் ஒரு அப்டேட் செய்துகொண்டிருந்தது. ஒரு ரவுட்டரில் இருந்த ஒரு ஃபில்டர் நீக்கப்பட்டது. உடனே பாதைத் தகவல்கள் வெள்ளமாகக் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. தாங்க முடியாமல் அவை விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு சேவை இல்லை. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை, அவசர உதவி எண்ணான 911-ஐப் பலரால் அழைக்க முடியவில்லை. சிக்கலைச் சரிசெய்ய வேண்டிய இன்ஜினீயர்களே ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியாமல் தவித்தார்கள். காரணம், அவர்கள் பயன்படுத்தியதும் அதே நெட்வொர்க்தான்.

அடுத்த ஆண்டு, 2023 நவம்பர் 8. ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ். வெளியிலிருந்து வந்த பாதை மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால், சுமார் 90 ரவுட்டர்கள் பாதுகாப்புக்காகத் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குப் பல மணி நேரம் போனும் இல்லை, நெட்டும் இல்லை. சில இடங்களுக்கு ஆள் நேரில் போய்த்தான் ரவுட்டரை மீட்க முடிந்தது. அந்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

இரண்டிலும் ஹேக்கிங் இல்லை, சதி இல்லை. உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்பதை முழுசாகக் கணிக்க முடியாததுதான் சிக்கல். இங்கே ஒரு கேள்வி வருகிறது: இப்படி ஒரு ராத்திரியில், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்த்து மாற்றக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நம் ஊரிலா, கலிபோர்னியாவிலா, ஷென்செனிலா?

சரி, கஞ்சிக்கோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஐடிஐ என்றால் நமக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்கிற இடம்தான் ஞாபகம் வரும். இது வேறு. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1948-ல் பெங்களூருவில் தொடங்கியது; சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம். பிறகு நைனி, ரேபரேலி என்று விரிந்து, 1976-ல் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் ஒரு பிரிவு வந்தது. எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் கருவிகள் செய்வதற்கான தொழிற்சாலை.

இன்றைய கோர் ரவுட்டரின் இடத்தில் அன்று இருந்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு காலை யாரிடமிருந்து யாருக்கு, எந்தப் பாதையில் இணைப்பது என்று முடிவு செய்வது அதன் வேலை. போன் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. எக்ஸ்சேஞ்ச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைக்கு நாட்டில் பெரிய மதிப்பு இருந்தது.

ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சின் டிசைன் யாருடையது? ஐடிஐ-யின் டிஜிட்டல் காலத்தின் முக்கியத் தொழில்நுட்பம் பிரான்ஸிலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சிஐடி-அல்காடெல் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் வழியாக ‘இ10பி’ எக்ஸ்சேஞ்ச் இங்கே தயாரானது. உத்தரப் பிரதேசத்தின் மன்காப்பூர் தொழிற்சாலை அதை வைத்தே உருவானது.

அதே சமயத்தில் இன்னொரு வழியும் திறந்தது. 1984-ல் சாம் பிட்ரோடா முன்முயற்சியில் ‘சி-டாட்’ உருவானது. 36 கோடி ரூபாய், 36 மாதம் என்பது இலக்கு. அவர்கள் டிசைன் செய்த சின்ன கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. 128 போர்ட்டுகள்தான். ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது: ஏசி வேண்டாம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்கள் குளிரூட்டிய அறையில்தான் ஓடும். நம் கிராமத்துக் கட்டடத்தில், நம் வெயிலில், நம் கரண்ட்டில் ஓட வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து யோசித்து உருவாக்கியது சி-டாட் எக்ஸ்சேஞ்ச். அந்த டிசைன் ஐடிஐ உட்படப் பல நிறுவனங்களுக்குத் தயாரிக்கக் கொடுக்கப்பட்டது. டிசைன் இங்கே, தொழிற்சாலை இங்கே, வாங்குகிற தொலைத்தொடர்புத் துறையும் இங்கே. மூன்றும் சேர்ந்ததால்தான் எஸ்டிடி பூத் ஊர் ஊராகப் போனது.

பிறகு என்ன நடந்தது? 1991-க்குப் பிறகு சந்தை திறந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக வந்தன. 1995-ல் மொபைல் வந்தது. அடுத்து இன்டர்நெட் வந்தபோது, எக்ஸ்சேஞ்சின் இடத்தையே ரவுட்டர் எடுத்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்ச் செய்வதில் கைதேர்ந்திருந்த ஐடிஐ-க்கு, ரவுட்டர் தலைமுறையில் கையில் சொந்த டிசைன் இல்லை. மொபைல் கருவிகளுக்கும் மறுபடி அல்காடெல், லூசென்ட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு சேர வேண்டியிருந்தது. ஒரே பெரிய வாடிக்கையாளரான பிஎஸ்என்எல் தன் ஆர்டரில் ஒரு பங்கை ஐடிஐ-க்கு ஒதுக்கியது. அந்த பிஎஸ்என்எல்-லே நஷ்டத்தில் விழுந்தபோது ஆர்டரும் சுருங்கியது. 2014 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஐடிஐ-யை மீட்க 4,156.79 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டி வந்தது.

கஞ்சிக்கோடு மூடப்படவில்லை. அங்கே இஸ்ரோவுக்கு எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் தயாராகியிருக்கின்றன. ‘ஸ்மாஷ்’ என்ற பெயரில் மினி பிசியும் லேப்டாப்பும் வந்தன. கேரளப் பள்ளிகளுக்கு டெக்னாலஜி கொடுக்கும் ‘கைட்’ அமைப்பின் டெண்டரை, பெரிய பிராண்டுகளோடு போட்டி போட்டு 2023-ல் ஐடிஐ வென்றது. ஆட்களின் கைத்திறமையில் குறை இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. தலைமுறை மாறும்போது அடுத்த பொருளை யோசிக்கிற இடம் வேறு எங்கோ இருந்தது, அங்கேதான் பிரச்சினை.

பெட்டிக்குள் மூன்று அடுக்கு

இந்தப் பின்னணியில் இன்றைய ‘மேட் இன் இந்தியா’ ரவுட்டர்களைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு ரவுட்டரை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கு, பெட்டி. சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்துவது, சோதிப்பது, பேக் செய்வது. கஞ்சிக்கோட்டுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. ஸ்ரீபெரும்புதூருக்கும்தான்.

இரண்டாவது அடுக்கு, டிசைனும் சாஃப்ட்வேரும். போர்டு எப்படி இருக்க வேண்டும், ஒரு லிங்க் அறுந்தால் ரவுட்டர் என்ன முடிவெடுக்க வேண்டும், பாதைத் தகவல் வெள்ளமாக வந்தால் எதை விடுவது எதைத் தடுப்பது என்பதெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ரோஜர்ஸும் ஆப்டஸும் மாட்டிக்கொண்டது இந்த அடுக்கில்.

மூன்றாவது அடுக்கு, சிப். சிஸ்கோவுக்கு ‘சிலிக்கான் ஒன்’, நோக்கியாவுக்கு ‘எஃப்பி5’ என்று சொந்த சிப்கள் உண்டு. பிராட்காம் நிறுவனம் ‘ஜெரிக்கோ’ வரிசை சிப்களைச் செய்து, கேட்கிறவர்களுக்கு விற்கிறது.

இன்று நாம் எந்த அடுக்கில் இருக்கிறோம்?

சென்னையில் சிஸ்கோ செய்வது முதல் அடுக்கு. முதலில் தயாரிப்பதாக அறிவித்தது ‘என்சிஎஸ் 540’ வரிசை. 1,200 பேருக்கு வேலை, ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையும் சேர்த்து ஆண்டுக்கு 130 கோடி டாலர் என்பது நிறுவனம் சொன்ன இலக்கு. நல்ல விஷயம்தான், சிறுமைப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, என்சிஎஸ் 540 என்பது கோர் ரவுட்டர் இல்லை. டவர்களுக்குப் பக்கத்தில், நெட்வொர்க்கின் ஓரத்தில் வைக்கிற ரகம். இரண்டு, அதன் சாஃப்ட்வேரும் சிப்பும் யாருடையவை என்பது இந்தத் தொழிற்சாலையால் மாறுவதில்லை.

பெங்களூருவின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் இரண்டாவது அடுக்கில் இருக்கிறது. 2000-ல் தொடங்கிய நிறுவனம், இப்போது டாடா குழுமத்தின் கையில். 2023-ல் பிஎஸ்என்எல்-லிடமிருந்து 696 கோடி ரூபாய் ஆர்டர் வாங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட ‘டிஜே1400’ ரவுட்டர்கள். இங்கேயே டிசைன் செய்த ரவுட்டர்கள் இந்த எண்ணிக்கையில் ஒரு நாடு தழுவிய நெட்வொர்க்குக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. இவையும் அக்சஸ், அக்ரிகேஷன் ரகம். அதாவது ஓரத்திலிருந்து நடு வரைக்கும் டேட்டாவைத் திரட்டிக் கொண்டுவருகிற பகுதி.

நடுவுக்குள்ளேயே கால் வைக்கப் பார்ப்பது, முதலில் சொன்ன 2.4 டெராபிட் ரவுட்டர். பெங்களூருவின் நிவெட்டி சிஸ்டம்ஸ் நிறுவனம், தொலைத்தொடர்புத் துறை, சி-டாட் ஒத்துழைப்போடு உருவாக்கியது. 2.4 டெராபிட் என்றால் எவ்வளவு? 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருக்கிற 24,000 வீடுகள் ஒரே நொடியில் முழு வேகத்தில் டவுன்லோடு செய்தால் ஆகிற அளவு. ஒரு மாவட்டத்துக்குத் தாராளம்.

ஆனால் உலகத்தின் உச்சம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்கணும். சிஸ்கோவின் 8818 ரவுட்டர் முழுசாக நிரப்பினால் 259.2 டெராபிட். அதாவது நூறு மடங்குக்கும் மேல். பிராட்காம் 2025-ல் கொண்டுவந்த ‘ஜெரிக்கோ4’ என்கிற ஒரே சிப்பின் திறனே 51.2 டெராபிட். இதைச் சொல்வது கேலி செய்ய இல்லை. 1986-ல் 128 போர்ட் எக்ஸ்சேஞ்சும் உலக அளவில் சின்னதுதான். தொடங்குவதற்குச் சின்னது பிரச்சினை இல்லை. அடுத்த படி ஏறுவதற்கு ஆர்டர் தொடர்ந்து வருகிறதா என்பதுதான் பிரச்சினை.

பாதுகாப்பு: சீனா மட்டும்தான் பயமா?

2020 டிசம்பரில் அமைச்சரவை, தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு உத்தரவுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2021 ஜூன் 15 முதல், ‘நம்பகமான மூலம்’ என்று அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிடமிருந்துதான் நெட்வொர்க் கருவிகளை வாங்க முடியும். எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை என்றாலும், ஹுவாவேயும் இசட்டிஇ-யும் வெளியே நிற்பதற்கான ஏற்பாடு என்றே எல்லோரும் அதைப் படித்தார்கள்.

சீனக் கருவி வேண்டாம் என்றால் அமெரிக்கக் கருவி பத்திரமா? ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களின் அடிப்படையில் 2014 மே மாதம் ஒரு தகவல் வந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, வெளிநாட்டுக்குப் போகிற நெட்வொர்க் கருவிகளை வழியிலேயே மறித்து, உளவு பார்க்கும் வசதியைச் சேர்த்து, மறுபடி பேக் செய்து அனுப்பியது என்பது அது. சிஸ்கோ பெட்டியைத் திறக்கிற படமே வெளியானது. சிஸ்கோவுக்கே அதிர்ச்சி, அதன் தலைவர் ஜான் சேம்பர்ஸ் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்.

2024-ல் தலைகீழாக நடந்தது. ‘சால்ட் டைஃபூன்’ என்று பெயரிடப்பட்ட, சீனாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஹேக்கர் குழு, ஏடி அண்ட் டி, வெரிசான் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் நெட்வொர்க்குக்குள்ளேயே புகுந்தது தெரியவந்தது. அந்தக் குழு குறிவைத்தவற்றில், ஓட்டை இருப்பது ஏற்கெனவே தெரிந்தும் சரிசெய்யாமல் விட்ட சிஸ்கோ ரவுட்டர்களும் அடக்கம்.

ஆக, கொடியைப் பார்த்து ரவுட்டரை நம்ப முடியாது. இந்தியாவில் செய்தது என்பதாலேயே ஓட்டை இல்லாமல் போய்விடாது. இந்தியாவில் எழுதிய சாஃப்ட்வேரிலும் பிழை இருக்கும். வித்தியாசம், அந்தப் பிழையைத் தேட நமக்கு சோர்ஸ் கோடு கையில் இருக்குமா, கண்டுபிடித்தால் மாற்ற ஆள் இருக்குமா என்பதில்தான். சோதனைக்கு வழிகள் உண்டு: தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனை முறை இருக்கிறது, பெங்களூருவில் இருக்கிற தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் ரவுட்டர்களுக்கான பாதுகாப்பு விதிகளை வகுக்கிறது. ஆனால் ஒரு கருவியை வெளியிலிருந்து சோதிப்பதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒன்றல்ல.

அப்படியென்றால் சிப்பும் நாமே செய்யணுமா?

செய்தால் நல்லதுதான். ஆனால் நாளைக்கே நடக்காது. டாடா, தைவானின் பிஎஸ்எம்சி-யோடு சேர்ந்து குஜராத்தின் தோலேராவில் கட்டும் சிப் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே திட்டமிட்டிருப்பது 28 நானோமீட்டர் அளவிலும் அதைவிடப் பழைய ரகங்களிலும். உயர்திறன் ரவுட்டர் சிப்கள் 7, 5 தாண்டி இப்போது 3 நானோமீட்டருக்குப் போய்விட்டன.

சிப் கையில் இல்லாவிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இசட்டிஇ ஒரு உதாரணம். சீனாவின் மாபெரும் நிறுவனம்; சொந்த டிசைன், சொந்த சாஃப்ட்வேர், சொந்தத் தொழிற்சாலை எல்லாம் உண்டு. 2018 ஏப்ரலில் அமெரிக்கா, தன் நிறுவனங்கள் இசட்டிஇ-க்கு எதையும் விற்கக் கூடாது என்று தடை போட்டது. மூன்றே வாரத்தில், முக்கியமான செயல்பாடுகள் எல்லாம் நின்றுவிட்டன என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 100 கோடி டாலர் அபராதம் கட்டி, நிர்வாகத்தையும் மாற்றிய பிறகுதான் ஜூலையில் தடை நீங்கியது.

ஆனால் நம்பிக்கை தருகிற ஒரு உதாரணமும் இருக்கு. 2020-ல் ஏடி அண்ட் டி தன் கோர் நெட்வொர்க்கில் ஒரு புதுமுறையைக் கொண்டுவந்ததாக அறிவித்தது. பெட்டி தைவானின் யூஃபிஸ்பேஸ் செய்தது, சிப் பிராட்காம், சாஃப்ட்வேர் இஸ்ரேலின் ட்ரைவ்நெட்ஸ். ட்ரைவ்நெட்ஸ் அப்போது தொடங்கி ஐந்து வருஷம்கூட முழுசாக ஆகாத நிறுவனம். அதாவது, சந்தையில் கிடைக்கிற சிப்பை வாங்கி, சாஃப்ட்வேரைச் சொந்தமாக எழுதினால், ஒரு புது நிறுவனத்தால்கூட அமெரிக்காவின் மிகப்பெரிய நெட்வொர்க் ஒன்றின் நடுவுக்குள் போக முடியும்.

இந்தியாவுக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது இந்த இரண்டாவது அடுக்குதான். சிஸ்கோ, ஜூனிப்பர், நோக்கியா, பிராட்காம் எல்லாவற்றுக்கும் இந்தியாவில் ஆயிரக்கணக்கான இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். உலகத்தின் ரவுட்டர் சாஃப்ட்வேரில் ஒரு கணிசமான பகுதி பெங்களூருவிலும் சென்னையிலும்தான் எழுதப்படுகிறது. ஆள் இருக்கிறார்கள், திறமை இருக்கிறது. எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதுதான் மாறணும்.

யார் வாங்குவார்கள்?

இதுதான் கதையின் கடினமான இடம். கஞ்சிக்கோடு தளர்ந்ததற்கு ஒரு காரணம், ஒரே வாடிக்கையாளரை நம்பி இருந்தது. இன்றும் உள்நாட்டு ரவுட்டர்களின் பெரிய வாடிக்கையாளர் அரசுத் தரப்புதான். பிஎஸ்என்எல் 4ஜி-யில் ஐடிஐ-க்கே 2023-ல் மேற்கு மண்டலத்தில் 23,633 தளங்களுக்கு சுமார் 3,889 கோடி ரூபாய் மதிப்பில் வேலை ஒதுக்கப்பட்டது. கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு, 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது. அரசு வாங்கும்போது உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தருகிற 2017 உத்தரவும் இருக்கிறது. தயாரிப்பாளர்களுக்கு 12,195 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் 2021-ல் வந்தது. 2022-ல் இங்கே டிசைன் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக 1 சதவீதம் சேர்த்தார்கள்.

ஆனால் நாட்டின் டேட்டாவில் பெரும்பகுதி ஓடுவது ஜியோ, ஏர்டெல் நெட்வொர்க்கில். ஜியோ தன் நெட்வொர்க்குக்கு சிஸ்கோவோடு கைகோத்ததை 2017-ல் அறிவித்தது. ஏர்டெல் தன் பிராட்பேண்ட் நெட்வொர்க்கை மேம்படுத்த ஜூனிப்பரைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் பக்கத்து நியாயமும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கோடிக்கணக்கான பேர் தொங்குகிற இடத்தில், பத்து இருபது வருஷம் ஓடித் தேறிய சாஃப்ட்வேரை விட்டுப் புதுசைப் பரிசோதிக்க யாருக்கும் தைரியம் வராது. ஆப்டஸ் தலைவரின் கதி எல்லா நெட்வொர்க் தலைவர்களுக்கும் தெரியும்.

ஓடினால்தான் தேறும், தேறினால்தான் ஓட விடுவார்கள். இந்த முடிச்சை ஏடி அண்ட் டி போன்ற ஒரு பெரிய வாடிக்கையாளர்தான் ட்ரைவ்நெட்ஸுக்கு அவிழ்த்தது. இந்தியாவில் பிஎஸ்என்எல் அந்த வேலையைச் செய்ய முடியும்: முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். அதற்கு பிஎஸ்என்எல்-லே நன்றாக ஓடணும். நெட்வொர்க் நன்றாக இருக்கு என்று மக்கள் சொல்லணும். இல்லாவிட்டால், ‘உள்நாட்டுக் கருவி என்றாலே இப்படித்தான்’ என்கிற பெயர்தான் மிஞ்சும்.

இளைஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

2024 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். கஞ்சிக்கோடு பகுதியிலேயே ஐஐடி பாலக்காடு இருக்கிறது. கோயம்புத்தூர் ஒரு மணி நேரத் தூரம். அங்கே ஐடி பார்க்குகளும் இன்ஜினீயரிங் கல்லூரிகளும் நிறைய. 1976-ல் கஞ்சிக்கோட்டுக்கு இல்லாத ஒன்று இன்று பக்கத்திலேயே இருக்கிறது: டிசைன் செய்யக்கூடிய மூளைகள்.

ஆனால் புதிதாக வருகிற ஆலைகளும் முதல் அடுக்கோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஊரிலேயே முன்கதை இருக்கிறது. அசெம்பிளி லைன் ஆயிரம் பேருக்கு வேலை தரும், அது உண்மை. ஆனால் அடுத்த தலைமுறைப் பொருள் வரும்போது அந்த வேலை அதே ஊரில் தொடருமா என்று முடிவு செய்வது, டிசைன் வைத்திருக்கிற நாடு.

நெட்வொர்க்கிங் துறையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரு நிறுவனத்தின் ரவுட்டரை கான்ஃபிகர் செய்யத் தெரிவது ஒரு வேலை. அந்த ரவுட்டருக்குள் ஓடுகிற பிஜிபி புரோகிராமை எழுதவும், சோதிக்கவும், ராத்திரி இரண்டு மணிக்கு உடைத்துப் பார்த்து சரிசெய்யவும் தெரிவது வேறு வேலை. தேஜஸ், நிவெட்டி, சி-டாட் போன்ற இடங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது ரகம்.

அடுத்த முறை செய்தி வரும்போது

இன்னும் பல ரவுட்டர் அறிவிப்புகள் வரப்போகின்றன. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக நெட்வொர்க் திறன் பல மடங்கு தேவைப்படுகிற காலம் இது. அறிவிப்பு வரும்போது மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். பெட்டி எங்கே தயாராகிறது? சாஃப்ட்வேரின் சோர்ஸ் கோடு யாரிடம் இருக்கிறது? முதல் ஆர்டருக்குப் பிறகு இரண்டாவது ஆர்டர் யார் கொடுக்கிறார்கள்?

முதல் கேள்விக்குத் தலைப்பிலேயே பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கு, தேடினால் கிடைக்கும். மூன்றாவதற்குப் பதில் அன்றே தெரியாது, இரண்டு மூன்று வருஷம் ஆகும். கஞ்சிக்கோட்டிலும் முதல் கேள்விக்கு எப்போதுமே நல்ல பதில் இருந்தது. மற்ற இரண்டிலும்தான் அது தடுமாறியது.